அம்மாவின் எலும்பும் அமெரிக்கப் பெண்ணின் அளவுகோலும்

முதுகுவலி என்று அம்மாவை எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். பார்த்துவிட்டு, "வயசு அறுபத்தி நாலு ஆச்சு, எதுக்கும் ஒரு டெக்சா எடுத்துப் பார்த்துருவோம்" என்றார். பத்து நிமிட வேலைதான். மல்லாக்கப் படுக்க வைத்தார்கள், மேலே ஒரு கருவி மெல்ல நகர்ந்து போனது, முடிந்தது. மறுநாள் ரிப்போர்ட் வந்தது. அன்று சாயங்காலமே அம்மா கோவில்பட்டியிலிருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "எக்கா, எனக்கு எலும்பு தேஞ்சு போச்சாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் இந்தத் 'தேய்மானம்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் முட்டிவலியும் தேய்மானம், கழுத்துவலியும் தேய்மானம், இதுவும் தேய்மானம். முட்டியில் தேய்வது மூட்டுக்கு இடையே இருக்கும் குருத்தெலும்பு. வலி இருக்கும், நடந்தால் தெரியும். அம்மாவுக்கு வந்திருப்பது ஆஸ்டியோபோரோசிஸ், எலும்புப்புரை. கரையான் அரித்த உத்தரத்தைப் பார்த்திருப்பீர்கள். வெளியே மரம் முழுசாக இருக்கும். விரலால் தட்டினால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். எலும்புப்புரையும் அப்படித்தான், உடையும்வரை வலிக்காது. அம்மாவின் முதுகுவலிக்குக் காரணம் தசைப்பிடிப்பு, அது ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அந்த வலி வராமல் இருந்திருந்தால் இந்த எண்ணும் எங்களுக்குத் தெரிய வந்திருக்காது.

எண் இதுதான்: தொடையெலும்புக் கழுத்தில் 0.546 கிராம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. பக்கத்தில் டி-ஸ்கோர் −2.6. அதன் கீழே பொடி எழுத்தில், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது வெள்ளையினப் பெண்களின் தரவு என்று ஒரு வரி. அம்மாவின் கண்ணுக்கு அந்த எழுத்து தெரியாது. நான் படித்துச் சொன்னதும் கேட்டாள்: "என்னட்டி இது, வெள்ளக்காரி எலும்பு எனக்கு எதுக்கு?"

அந்தக் கேள்விதான் என்னை இரண்டு வாரம் படிக்க வைத்தது. இந்தப் பதிவு அம்மாவுக்கான பதில்.

அந்த வெள்ளைக்காரப் பெண் யார் என்று தெரிந்துகொள்வதிலிருந்து ஆரம்பிக்கலாம். 1988 முதல் 1994 வரை அமெரிக்காவில் ஒரு பெரிய தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் 20 முதல் 29 வயது வரையிலான வெள்ளையினப் பெண்களின் தொடையெலும்புக் கழுத்தை அளந்தார்கள். சராசரி 0.858. ஆளுக்கு ஆள் ஏறி இறங்கும் வித்தியாசத்தின் திட்ட அளவு 0.120. டி-ஸ்கோர் என்பது அந்தச் சராசரிப் பெண்ணிலிருந்து நீங்கள் எத்தனை படி கீழே இருக்கிறீர்கள் என்பதன் கணக்கு. 0.858-லிருந்து அம்மாவின் 0.546-ஐக் கழித்து 0.120-ஆல் வகுத்தால் 2.6. இரண்டரைப் படிக்குக் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ் என்று 1994-இல் உலக சுகாதார நிறுவனம் கோடு கிழித்தது. அந்தக் கோடும் வெள்ளையினப் பெண்களை மனதில் வைத்துப் போட்டதே.

அம்மா 147 சென்டிமீட்டர் உயரம், 48 கிலோ. பிறந்ததிலிருந்து சிறுகூடு. இவளை அந்த அமெரிக்கப் பெண்ணோடு நிறுத்தி அளப்பது சரிதானா?

இங்கே டெக்சா கருவியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதை எந்த லேபிலும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. 'அடர்த்தி' என்று பெயர் இருந்தாலும் இந்தக் கருவி அளப்பது உண்மையான அடர்த்தியை இல்லை. எலும்பின் நிழலைத் தட்டையாகப் பிடித்து, அந்த நிழலின் பரப்பில் எவ்வளவு தாதுச் சத்து இருக்கிறது என்று பார்க்கிறது. எலும்பின் கனம், அதாவது முன்னுக்கும் பின்னுக்குமான தடிமன், கணக்கில் வராது. ஒரே தட்டில் கிளறிய மைசூர்பாகிலிருந்து இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்று எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர், இன்னொன்று எல்லாப் பக்கமும் 3 சென்டிமீட்டர். கன சென்டிமீட்டருக்கு 1 கிராம் என்று வைத்துக்கொண்டால் சின்னது 8 கிராம், பெரியது 27 கிராம். சின்னதன் நிழல் 4 சதுர சென்டிமீட்டர், பெரியதன் நிழல் 9. எடையை நிழலால் வகுத்தால் சின்னதற்கு 2, பெரியதற்கு 3. பாகு ஒன்றே. ஆனாலும் கருவி பெரிய துண்டை ஒன்றரை மடங்கு அடர்த்தி என்று சொல்லும்.

சிறுகூட்டுப் பெண்களுக்கு நடப்பது இதேதான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1990-களில் ஐரோப்பிய, சீன, இந்திய, பாலினீசியப் பெண்களை அளந்து பார்த்தார்கள். உடலளவைச் சரிக்கட்டிக் கணக்குப் போட்டதும் ஐரோப்பிய, சீன, இந்தியப் பெண்களுக்கு இடையே தெரிந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போனது. பாலினீசியப் பெண்களுக்கு மட்டும் கூடுதல் நின்றது. இந்தியர்களுக்கு எலும்பு அடர்த்தி பிறவியிலேயே கம்மி என்று நாம் கேட்டுப் பழகிய பேச்சில் கணிசமான பங்கு, நாம் உயரத்தில் குறைவு என்பதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறது. உயரம் குறைந்ததற்குப் பரம்பரையும் காரணம், தலைமுறை தலைமுறையாகப் பால்குடி வயதிலிருந்தே போதாமல் போன சாப்பாடும் காரணம்.

இந்தியாவுக்கென்று அளவுகோல் இல்லாமலும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல ஊர்களில் ஆரோக்கியமான இளைஞர்களை அளந்து 2010-இல் ஒரு தரவை வெளியிட்டது. அதை வைத்துப் பார்த்தால் பலருடைய டி-ஸ்கோர் ஏறிவிடும், 'ஆஸ்டியோபோரோசிஸ்' என்ற முத்திரை பெறுகிறவர்கள் குறைவார்கள்.

அப்படியானால் அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட்டைத் தூக்கி அலமாரியில் போட்டுவிடலாமா? முதல் வாரம் நான் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். எலும்பு அடர்த்தி அளவீட்டுக்கான சர்வதேசச் சங்கம் எந்த இனத்துப் பெண்ணாக இருந்தாலும் அந்த வெள்ளையினப் பெண்ணின் அளவுகோலையே பயன்படுத்தச் சொல்கிறது. அதற்கு நியாயம் உண்டு. ஊருக்கு ஒரு முழக்கோல் வைத்தால் துணியை எப்படி ஒப்பிடுவது? கோல் ஒன்றாக இருக்கட்டும், அளந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை அந்தந்த ஊரில் எலும்பு எத்தனை பேருக்கு உடைகிறது என்பதை வைத்து முடிவு செய்யலாம் என்பது அவர்களின் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. தவறு கோலில் இல்லை, கோலை மட்டும் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்காமல் விடுவதில் இருக்கிறது.

ஆளைப் பார்ப்பது என்றால், மரபணுவைப் பார்ப்பதா, இனத்தைப் பார்ப்பதா? இரண்டும் ஒன்று என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

எலும்பு அடர்த்தி குடும்பத்தில் இறங்கி வருவது உண்மை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களையும் சாதாரண இரட்டையர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள், ஒரு சமூகத்துக்குள் ஆளுக்கு ஆள் தெரியும் அடர்த்தி வித்தியாசத்தில் 50 முதல் 85 சதவீதம் வரை பரம்பரை சார்ந்தது என்கின்றன. இவ்வளவு பெரிய பங்கு என்றதும் எல்லோரும் அந்த ஒற்றை மரபணுவைத் தேடிப் போனார்கள். 1994 ஜனவரியில் சிட்னி ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' இதழில் அதைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். வைட்டமின் டி ஏற்பி மரபணு. பரம்பரைப் பங்கில் முக்கால்வாசியை அது ஒன்றே விளக்கிவிடும் என்றார்கள். மூன்று வருடத்தில், 1997-இல், அதே இதழில் அவர்களே திருத்தம் வெளியிட்டார்கள். இரட்டையர்களின் மாதிரிகளைப் படித்ததில் பிழை நேர்ந்திருந்தது. பிறகு ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்தபோது, அந்த மரபணுவுக்கும் எலும்பு அடர்த்திக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. தவறைத் தாங்களே ஒப்புக்கொண்ட அந்த ஆராய்ச்சியாளர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

இப்போது தெரிந்திருக்கும் படம் வேறு. 2019-இல் பிரிட்டனின் பயோபேங்க் சேகரிப்பில் 4,26,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுவைப் பார்த்து, எலும்பு அடர்த்தியோடு தொடர்புள்ள 518 இடங்களைக் குறித்தார்கள். அத்தனையும் சேர்ந்து விளக்கியது வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை. சாம்பாரில் எந்தப் பொருள் எவ்வளவு என்று நாக்கால் பிரிக்க முடியாத மாதிரி இது.

ஒற்றை மரபணு எலும்பையே புரட்டிப்போடும் குடும்பங்களும் அபூர்வமாக உண்டு. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி கார் விபத்துக்குப் பின் முதுகுவலி என்று வந்தாள். எக்ஸ்ரேயில் எலும்பு வழக்கத்துக்கு மாறாக வெளேரென்று தெரிந்தது. குடும்பத்தைக் கூப்பிட்டுப் பார்த்தால் பாதிப் பேருக்கு அப்படி. நோய் என்று ஒன்றும் இல்லை, எலும்பு மட்டும் அசாதாரண அடர்த்தி. 2002-இல் காரணம் தெரிந்தது: எல்ஆர்பி5 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். அதே மாற்றம் கனெக்டிகட் மாநிலத்து வேறொரு குடும்பத்திலும் இருந்தது. அவர்களில் சிலருக்கு நீச்சலில் தண்ணீரில் மிதப்பதே கஷ்டமாம். இந்த மரபணு முற்றிலும் வேலை செய்யாமல் போனாலோ, குழந்தைக்கு எலும்பு திரும்பத் திரும்ப ஒடியும், கண்பார்வையும் போகும். ஒரே மரபணுதான், ஒரு வீட்டுக்குக் கவசம், இன்னொரு வீட்டுக்குத் துயரம்.

என்னை அதிகம் பாதித்தது தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர்களின் கதை. இவர்கள் பெரும்பாலும் கேப் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்களின் வழிவந்தவர்கள். தொடக்கத்தில் சில குடும்பங்களே இருந்து, அவற்றுக்குள்ளேயே சம்பந்தம் நடந்ததால், அபூர்வமான ஒரு மரபணுக் கோளாறு அவர்களிடம் நிலைத்துவிட்டது. ஸ்கிளிரோஸ்டியோசிஸ் என்று பெயர். எலும்பு வளர்வது நிற்கவே நிற்காது. ஆள் உயரமாக வளர்வார், விரல்கள் ஒட்டிப் பிறந்திருக்கும், முறியாத எலும்பு. ஆனால் மண்டை ஓடும் தடித்துக்கொண்டே போகும். முக நரம்பு நசுங்கி வாய் கோணும், காது செவிடாகும், கடைசியில் மூளைக்கே இடமில்லாமல் போய் இளம் வயதிலேயே பலர் இறந்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஊர்க் என்ற மீனவர் ஊரைச் சேர்ந்தவர்களிடமும் இதன் தம்பி போன்ற ஒரு நோய் உண்டு.

2001-இல் இதன் மரபணு கிடைத்தது. எலும்பு வளர்ந்தது போதும் என்று தடுப்புக் கட்டை போடும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதம் இவர்களிடம் உருவாவதில்லை. கோளாறான மரபணு ஒரு பிரதி மட்டும் வந்தவர்களுக்கு நோய் இல்லை, எலும்பு மட்டும் நல்ல அடர்த்தி. அங்கேதான் மருத்துவர்களுக்குப் பொறி தட்டியது. அந்தப் புரதத்தைக் கொஞ்ச காலத்துக்கு மட்டும் அடக்கி வைத்தால்? அப்படி வந்த ஊசி மருந்துதான் ரோமோசோசுமாப். மாதம் ஒரு முறை, 12 மாதம். 2019-இல் ஜப்பானும் அமெரிக்காவும் அனுமதித்தன. மாரடைப்பு, பக்கவாத அபாயம் பற்றிய கடும் எச்சரிக்கையோடுதான் அது வருகிறது, எல்லோருக்கும் ஆகாது. ஆனாலும், எங்கோ சில குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த வேதனையிலிருந்து உலகத்துப் பாட்டிமார்களுக்கு ஒரு மருந்து கிடைத்திருக்கிறது. அந்தப் பெற்றோர்களை நினைக்காமல் அந்த மருந்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஆப்பிரிக்கானர் வெள்ளையர். ஊர்க் மீனவர் வெள்ளையர். உலகத்திலேயே இடுப்பெலும்பு முறிவு மிக அதிகமாக நடக்கும் நார்வே, சுவீடன், டென்மார்க் மக்களும் வெள்ளையர். அடிபட்டாலும் ஒடியாத எலும்பும் சறுக்கி விழுந்தாலே ஒடியும் எலும்பும் ஒரே பெயர்ப் பலகைக்குக் கீழேதான் இருக்கின்றன.

கறுப்பினத்தவர் கதையும் அப்படித்தான். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் எலும்பு அடர்த்தி வெள்ளையினப் பெண்களைவிட அதிகம், இடுப்பு முறிவு ஏறத்தாழ பாதி. ஆப்பிரிக்க ரத்தம், கெட்டி எலும்பு என்று அங்கே முடித்துவிடுவார்கள். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கெனேபா கிராமத்துப் பெண்களைப் போய் அளந்தபோது, அவர்களின் எலும்பில் தாது பிரிட்டிஷ் பெண்களைவிடக் குறைவு. தினம் சாப்பிடும் கால்சியமோ 400 மில்லிகிராம்கூட வராது. ஆனாலும் வயதானவர்களிடம் எலும்பு முறிவு மிக அரிது. நியூயார்க்கின் சீன வம்சாவளிப் பெண்களிடம் இன்னொரு விதம். டெக்சாவில் எண் குறைவு, ஆனால் எலும்பை முப்பரிமாணத்தில் நுணுகிப் பார்த்தால் வெளிச்சுவர் தடிமனாக, உள் சட்டங்கள் உறுதியாக இருக்கின்றன.

ஆனாலும் இனத்தைப் பெட்டி கட்டும் பழக்கம் மருத்துவத்துக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. எலும்பு முறிவு அபாயத்தைக் கணக்கிட, பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008-இல் ஃபிராக்ஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. அமெரிக்காவுக்கான கணக்கில் வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர், ஆசியர் என்று நான்கு பெட்டி. மற்ற எல்லா விவரமும் ஒன்றாக இருந்தாலும், 'கறுப்பர்' என்று அழுத்தினால் அபாயம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அபாயம் குறைவென்று காட்டினால் மருந்தும் தள்ளிப்போகும். எலும்பு பலவீனமான ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

இந்தியாவுக்கான ஃபிராக்ஸ் கணக்கும் உண்டு. அதன் அடியில் இருக்கும் எலும்பு முறிவுத் தரவு சிங்கப்பூர் இந்தியர்களுடையது. சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். ஆக, டெல்லிக்காரருக்கும் அசாம்காரருக்கும் கணக்குப் போட, சிங்கப்பூரில் வசிக்கும் நம் ஆட்களின் இடுப்பு முறிவு அடிப்படையாக இருக்கிறது.

அந்தச் சிங்கப்பூரே, இனம்தான் விதி என்ற நினைப்பை உடைக்கும் இடமும்கூட. 1960-களில் இருந்ததைவிட 1990-களில் அங்கே பெண்களிடம் இடுப்பெலும்பு முறிவு விகிதம் ஏறத்தாழ 5 மடங்கு, ஆண்களிடம் ஒன்றரை மடங்கு. வயதுக் கூடுதலைச் சரிக்கட்டிய பிறகு வந்த கணக்கு இது. முன்பு அங்கே உள்ள முக்கிய மூன்று இனங்களில் இந்தியர்களிடம்தான் அதிகம் என்று பார்த்திருந்தார்கள். பின்னால் சீனர்கள் முந்திவிட்டார்கள். முப்பது வருடத்தில் யாருடைய மரபணுவும் மாறாது. மாறியது வேலை, நடை, சாப்பாடு, வெயில், வீடு.

நம் பக்கம் திரும்பினால், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் வீணா சத்ருக்னாவும் குழுவினரும் 30 முதல் 60 வயது வரையிலான ஏழைப் பெண்களை அளந்து 2005-இல் எழுதியதைப் படித்தேன். அவர்களின் எலும்பு நிலை, ஊட்டச்சத்தோடு நேராகப் பின்னிக் கிடந்தது. திருப்பதிப் பக்கம் நடந்த ஆய்வுகளில் வயலில் உழைத்தவர்களைவிட நகரத்தாருக்கு வைட்டமின் டி குறைவு. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில், மேற்கத்தியப் பெண்களைவிட நான்கைந்து வருடம் முன்னதாக. ஈஸ்ட்ரோஜன் நின்றதும் எலும்பு வேகமாகக் கரையும், நம் பெண்களுக்கு அந்தக் கரைசல் அத்தனை வருடம் சீக்கிரம் தொடங்குகிறது. பெரியவர்களுக்குத் தினம் 600 மில்லிகிராம் கால்சியம் போதும் என்றிருந்த இந்தியப் பரிந்துரையை 2020-இல் 1000 ஆக உயர்த்தினார்கள். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது வீட்டில் கேழ்வரகுக் களி இருந்திருக்கிறது. ரேஷன் அரிசி வந்ததும் களி கௌரவக் குறைச்சல் ஆகிவிட்டது என்று அவளே சொல்வாள்.

இவ்வளவையும் படித்தபின் மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனோம். காத்திருக்கும்போது போனில் ஃபிராக்ஸ் பக்கத்தைத் திறந்து அம்மாவுக்காக நிரப்பினேன். வயது, எடை, உயரம். முன்பு எலும்பு முறிந்ததுண்டா? இல்லை. புகை? இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை? இல்லை. அடுத்த கேள்வி: தாய் அல்லது தகப்பனுக்கு இடுப்பெலும்பு முறிந்ததா?

ஆச்சி. அம்மாவைப் பெற்ற ஆச்சி. கொல்லையில் ஈரத்தில் வழுக்கி விழுந்தாள், 'இடுப்பு ஒடஞ்சிருச்சு' என்றார்கள். வயசான காலத்தில் ஆபரேஷன் எதற்கு என்று நாட்டுக்கட்டு போட்டுப் படுக்க வைத்தார்கள். படுக்கைப்புண் வந்தது, சளி கட்டியது, ஏழாவது மாதம் போய்விட்டாள். எங்கள் வீட்டில் அதை 'ஆச்சி மூப்புல போனா' என்றுதான் சொல்வோம். எலும்பால் போனாள் என்று ஒருவரும் சொன்னதில்லை. அம்மாவின் முதல் பரிசோதனையின்போது இதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

'ஆம்' என்று அழுத்தியதும் அம்மாவின் அபாயக் கணக்கு மேலே ஏறியது. டாக்டரிடம் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அம்மாவுக்கு இப்போது வாரம் ஒரு மாத்திரை. ஞாயிறு காலை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் படுக்காமல் முற்றத்தில் நடக்கிறாள். கால்சியமும் வைட்டமின் டி-யும் தனி. கழிவறையில் பிடிமானக் கம்பி அடித்தாயிற்று. களி மறுபடி அடுப்பில் ஏறியிருக்கிறது.

அம்மா கேட்ட கேள்விக்கு என் பதில்: வெள்ளைக்காரி எலும்பு ஒரு முழக்கோல், அவ்வளவுதான். உன் எலும்புக்குள் இறங்கி வந்திருப்பது ஆச்சியின் எலும்பு.

பெரியம்மாவுக்கும் சித்திக்கும் அன்றே போன் செய்து ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். அவர்களும் ஆச்சியின் பிள்ளைகள்தானே. உங்கள் வீட்டிலும் 'விழுந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை' என்று ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்திருக்கலாம். எங்கே ஒடிந்தது, என்ன வயதில் என்று உங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.